தண்ணீர் புகாதது

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் ஐஸ் ரூம் கதவைத் திறந்தபோது பெரியவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். விழுந்து கிடக்கவில்லை, அழவும் இல்லை. கதவை ஒட்டி நின்று, ஒரு கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்து வெளிச்சம் உள்ளே வந்த பிறகும் அமுக்குவதை நிறுத்தவில்லை.

"விடும்மா. வந்துட்டேன்ல. விடு" என்று அவர்தான் அவள் கையைப் பிடித்து எடுத்தார்.

"மணி அடிக்கலியா?" என்று கேட்டாள். உதடு சரியாகக் கூடவில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா. பெட்டி எடுக்கத்தான் வந்தேன்."

கடலை ஒட்டிய மீன் உறையவைக்கும் தொழிற்சாலை அது. வெளியே நின்றால் உப்புக் காற்று முகத்தில் பிசுபிசுக்கும். தகரக் கூரையின் சூடு உச்சந்தலையில் இறங்கும். ஐஸ் ரூமுக்குள்ளே போய் மூச்சு விட்டால் அது மீசையில் உறையும். இரண்டுக்கும் நடுவில் சாண் தடிமனுக்கு ஒரு கதவு. படகுகள் நிறைய வரும் காலத்தில் அந்தக் கதவு ஓயாமல் திறந்து மூடும். திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று உள்ளே புகுந்து சுவரில், குழாயில், விளக்கில் வெள்ளையாகப் படியும். அவ்வப்போது அறையைக் காலி செய்து வெந்நீரைப் பீய்ச்சிக் கழுவி, மறுபடி உறையவைப்பார்கள். இரும்பும் அலுத்துப்போகிற இடம்.

பெரியவளுக்கு அங்கே இருப்புப் பார்க்கும் வேலை. எந்த அடுக்கில் எந்தப் பெட்டி, எது முந்தி வந்தது, எது முந்திப் போகவேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அன்றைக்குப் பின்வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனவள், திரும்பி வந்து கதவைத் தள்ளினால் வழிவிடவில்லை. உள்ளிருந்து தள்ளுகிற குமிழ் பனி பிடித்து இறுகியிருந்தது. அப்படி ஆனால் அமுக்குவதற்குத்தான் அந்தச் சிவப்புப் பொத்தான். அமுக்கினால் வெளிக்கூடத்தில் மணி அடிக்கவேண்டும்.

அந்த மணிக்கு ஒயர் இழுத்தவர் அவள் கணவர்தான். தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன். கழுத்தில் எப்போதும் மஞ்சள் மீட்டர் ஒன்று தொங்கும். டீ குடிக்கப் போனாலும் தொங்கும். அதனால் எல்லாருக்கும் அவர் மீட்டர். மேனேஜரே அப்படித்தான் கூப்பிடுவார்.

பெரியவளைப் போர்வை சுற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மீட்டர் ஏணி போட்டு, பொத்தானிலிருந்து மேலே போகும் ஒயரோடு ஏறிப் பார்த்தார். ஒயரையும் ஒயரையும் இணைக்கும் கனெக்டர் ஒன்று அங்கே உண்டு. கறுப்பு பிளாஸ்டிக்கில் கட்டைவிரல் அளவு. திருகித் திறந்தார். உள்ளே பித்தளைப் பின்கள் பச்சை பூத்திருந்தன. நடுவில் ஒரு சொட்டு ஐஸ், கண்ணாடிமணி போல உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "என்னப்பா அது?"

"தண்ணி புகாத கனெக்டர் சார்."

"புகுந்திருக்கே."

"ஆமா சார்."

"எங்க வாங்கினது?"

"மச்சான் கடையில."

"அப்ப சரக்கு மோசம்" என்றார் மேனேஜர். மீட்டர் அதைத் திரும்பத் திருகி மூடினார். ஏணியிலிருந்து இறங்கி, அந்தக் கனெக்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் தலைமை ஆபீசுக்கு விஷயம் போய்விட்டது: கடைக்காரன் கொடுத்த பொருள் மோசம்.

*

மீட்டர் குடியிருந்தது மாமனார் வீட்டில்; பெரியவள் அந்த வீட்டின் மூத்த மகள். கல்யாணமான புதிதில், மாமனாருக்கு இடுப்பு விழுந்து ஆள் துணை வேண்டியிருந்தது. கொஞ்ச நாளைக்கு என்று வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். மளிகை அவர் சம்பளத்தில்தான் வந்தது, கரண்ட் பில்லும் அவர்தான். ஆனாலும் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு கதவைக்கூட அவர் சத்தமாகச் சாத்தியதில்லை.

முன்னறையில் மாமனாரின் கட்டில். ஒரு காலத்தில் படகு இன்ஜின்களைப் பிரித்து மாட்டியவர். இப்போது பகல் முழுவதும் கட்டிலில் சாய்ந்து, தெருவில் போகிற மோட்டார் சத்தத்தை வைத்து எந்த வண்டிக்கு எந்த வியாதி என்று சொல்லிக்கொண்டிருப்பார். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள். அதெல்லாம் பெரியவளின் தம்பி சரக்கு. இரண்டு தெரு தள்ளி எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தான். கடையில் நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் ரோட்டில் நிற்கவேண்டும். மிச்சச் சரக்கெல்லாம் அப்பாவின் கட்டிலடியில். படகுக்காரர்கள் விளக்கு, பேட்டரி கிளிப், ஹார்ன் என்று அவனிடம்தான் வாங்குவார்கள். அதற்கு முன்னால் அவன் செய்த தொழில் எதுவும் தேறவில்லை. இந்தக் கடை வைத்த பிறகுதான் அப்பா அவனை வந்தவர்களிடம் "எம் பையன்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

பெரியவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். இடது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டு. நுனியில் உணர்ச்சி இல்லை, மெள்ளத்தான் வரும், வராமலும் போகலாம் என்றார்கள். அவள் முன்னறையில் உட்கார்ந்தாள். தம்பி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"என் உசுரோட வெளயாடிட்டியேடா" என்றாள்.

அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அத்தானைப் பார்த்தான். மீட்டர் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தார்.

"பாக்குறான் பாரு, முழிச்சு முழிச்சு" என்றார் அப்பா கட்டிலிலிருந்து. "அக்காவுக்குப் போற சாமானாச்சே, ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்துக் குடுப்போம்னு தோணலியாடா ஒனக்கு?"

"பாத்துத்தாம்ப்பா குடுத்தேன்."

"என்னத்தப் பாத்த? அதுல தண்ணி பூந்திருக்கு. மாப்பிள்ள கையில வச்சிருக்காரு. காட்டச் சொல்லவா?"

தம்பி டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வெளியே போனான். இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வந்தான். போகிற இடம் வேறு கிடையாது. எல்லாரும் அந்த ஒரே முன்னறையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மீன் பொரித்திருந்தது. யாரும் இரண்டாவது துண்டு கேட்கவில்லை. மீட்டர் முள்ளை எடுத்து எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொண்டிருந்தார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா. அக்காளையே ஐஸில் வைத்துப் பூட்டினவன் என்று கடைத்தெருவில் ஆரம்பித்து, படகுத்துறைவரை போனது. வாங்கிப் போன சாமான்களைச் சிலர் திருப்பிக் கொண்டுவந்து கடைப்பலகையில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். தம்பி காலையில் கடையைத் திறப்பான், துணியால் பலகையைத் துடைப்பான், மத்தியானம் மூடுவான்.

*

புது கனெக்டர் தேர்ந்தெடுக்கும் வேலையையும் மேனேஜர் மீட்டரிடமே கொடுத்தார். "இந்தத் தடவ நல்லா சோதிச்சுட்டு மாட்டு. அதுவரைக்கும் ஐஸ் ரூமுக்கு உள்ள ஒரு ஆளு போனா வெளிய ஒரு ஆளு நிக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று பெரியவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னாள்: "சோதன எதுவானாலும் வீட்டுல வச்சுப் பண்ணுங்க. என் கண்ணு முன்னால."

"வீட்டுல எப்படி..."

"நாந்தான உள்ள போகப் போறேன்."

அவர் மூன்று வகை கொண்டுவந்தார். பழைய கறுப்பு வகையில் புதிது ஒன்று. பெரிய ஊர் டீலரிடமிருந்து, கிளிப் போட்டுப் பூட்டுகிற பிளாஸ்டிக் ஒன்று. அலுமினிய உடம்பும் பித்தளை மூடியுமாக ஒன்று. மூன்றிலும் ஒயரை மாட்டி, பின்கட்டுக் குழாயடியில் ஒரு வாளியில் உப்பு வெந்நீர் ஊற்றி முக்கினார். ஊறிய பிறகு எடுத்து ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்தார். உறைந்ததும் எடுத்து, கழுத்து மீட்டரை வைத்துப் பார்த்தார். திரும்ப வெந்நீர். திரும்ப ஐஸ். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் இதே வேலை.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஃப்ரிட்ஜத் தொறந்தா ஒயரு, குழாயடிக்குப் போனா ஒயரு. ஒரு ஐஸ் கட்டி வேணும்னா மாப்பிள்ளகிட்ட மனு குடுக்கணும் போலிருக்கு. நான் குடிக்கிற தண்ணியில கரண்ட் வராதே?"

"வராது மாமா."

"வந்தாலும் பரவால்ல. இடுப்பாவது துடிக்கும்."

பெரியவள்கூடச் சிரித்தாள். தம்பி கதவுக்குப் பக்கத்தில் நின்று சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

முதலில் போனது கறுப்பு வகைதான். கழுத்து மீட்டரின் பீப் சத்தம் விட்டுவிட்டு வந்தது, பிறகு வரவே இல்லை. பெரியவள் முக்காலியைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தண்ணி புகாதுன்னு மேல எழுதியிருக்கே. எப்படிப் புகுந்துச்சு?"

"சும்மா வாளியில கெடந்தா புகாது. சூடு பட்டா உள்ள இருக்கிற காத்து விரியும். குளுருல வச்சா சுருங்கும். சுருங்கறப்ப பக்கத்துல இருக்கிற ஈரத்த உள்ள இழுக்கும், நாம மூச்சு இழுக்கிற மாதிரி. அதோட இந்த ரப்பர் வளையம் இருக்கு பாரு, வெளியில மெத்துனு இருக்கும். குளுருல கல்லாயிடும். கல்லானா இடுக்கு விடும்."

"அப்ப இது எந்த எடத்துக்குச் செஞ்சது?"

"தோட்டத்து விளக்குக்கு. வாசல் மணிக்கு. மழை பெஞ்சா தாங்கும்."

"இதெல்லாம் உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

மீட்டர் ஒயரைச் சுருட்டினார். "தெரியும். அன்னிக்கு யோசிக்கல."

அவள் இன்னொன்றும் கேட்கப் போனாள். அதற்குள் அடுப்பில் கஞ்சி பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து போனாள்.

டீலர் கொடுத்த பிளாஸ்டிக்கின் கிளிப், குளிரில் தொட்டதும் பிஸ்கட் போல ஒடிந்தது. அலுமினியம் நாலு நாள் போல நன்றாக இருந்தது. பிறகு பித்தளை மூடியோடு சேர்ந்து உப்பில் அரித்து, வெள்ளை மாவு பூத்து, திருகினால் திரும்பாமல் ஒட்டிக்கொண்டது. இரண்டு உலோகம் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தின்னும் என்பதும் அவருக்குத் தெரியும். வேறு நல்லது கையில் இல்லாததால் அதையும் போட்டுப் பார்த்தார்.

நல்லது எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். முன்னறையில் தட்டோடு உட்காரும்போதெல்லாம் கட்டிலடியை அவர் பார்வை தொட்டுவிட்டு வரும். போய் எடுக்க மட்டும் முடியவில்லை.

ஒருநாள் காலையில் வாளியில் கைவிட்டபோது நான்காவதாக ஒன்று தட்டுப்பட்டது. எவர்சில்வர் உடம்பு. திருகும் மரை பெரிது பெரிதாக இருந்தது. ஒயர் நுழையும் வாயில் செங்கல் நிறத்தில் மெத்தென்று ரப்பர். ஒயரைச் சுத்தமாகச் சீவி, அளவாக முறுக்கி, யாரோ ஒழுங்காக மாட்டிப் போட்டிருந்தார்கள். மீட்டர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். தம்பி கண்ணாடி முன் நின்று தலைசீவிக்கொண்டிருந்தான்.

மீட்டர் அதையும் எடுத்து ஐஸில் வைத்தார். வெந்நீர், ஐஸ், வெந்நீர், ஐஸ். படகு வராத காற்றுக்காலம் அது; வெளியே மணல் பறந்து ஜன்னலில் அடித்தது. வீட்டுக்குள் எல்லாரும் அடைந்துகிடந்தார்கள். எவர்சில்வர் அசையவில்லை. ஒவ்வொரு முறையும் கழுத்து மீட்டர் பீப் என்று ஒரே மாதிரி சத்தம் கொடுத்தது. அந்தச் சத்தத்தை வீட்டில் எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள், கேட்காத மாதிரி இருந்தார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதைத் திறந்து முன்னறை வெளிச்சத்தில் வைத்தார். பின்கள் புதிதாக மின்னின.

"இதுதான் சரி" என்றாள் பெரியவள். "இத எங்க வாங்கினீங்க?"

மீட்டர் பதில் சொல்வதற்குள் அப்பா எட்டி அதை வாங்கினார். பழைய மெக்கானிக் கை. திருப்பிப் பார்த்து, ரப்பரை நகத்தால் அழுத்தி, முகர்ந்தும் பார்த்தார். "அருமையான சாமான். ஏன்டா, இந்தப் பெட்டிய நான் பாத்திருக்கேனே. இது ஒன்னுதுதான?"

"ஆமாப்பா" என்றான் தம்பி.

"எப்ப வந்துச்சு?"

"போன வருஷம்."

"போன வருஷமா? அக்கா உள்ள மாட்டிக்கிட்டது இந்த வருஷம். அப்ப இது இந்தக் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. நான் மேல படுத்திருக்கேன், இது கீழ கெடக்குது, அவ அங்க ஐஸ்ல நிக்கிறா." அவர் குரல் ஏறவில்லை. ஏறாதது இன்னும் மோசமாக இருந்தது. "நல்லத ஒளிச்சு வச்சுட்டு மட்டமானத அக்காவுக்குக் குடுத்தியா? எவன் கூட விலை தருவான்னு பாத்தியா?"

"அதெல்லாம் இல்லப்பா."

"வேற என்ன? சொல்லு."

"கேக்கல. அதான் குடுக்கல."

"கேக்கணுமாடா? நீ..."

"அவன் குடுத்தான் மாமா" என்றார் மீட்டர்.

ஜன்னலில் மணல் அடித்துக்கொண்டிருந்தது.

"போன வருஷமே எடுத்துட்டு வந்து காட்டினான். அத்தான், குளுருக்கு இதுதான் தாங்கும், கறுப்பு வேண்டாம்னு சொன்னான். நாந்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?" என்றாள் பெரியவள்.

"விலை நாலு மடங்கு. எம் மூலமா ஃபேக்டரி தலையில கட்டப் பாக்கறான்னு நெனச்சேன்." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "இந்த வீட்டுல சோறு திங்கறவன்தான, எத நீட்டினாலும் வாங்கிப்பான்னு நெனக்கிறாங்கன்னு ஒரு இது. கறுப்ப வாளியில போட்டுப் பாத்தேன், தண்ணி புகல. போதும்னுட்டேன்."

அப்பா கனெக்டரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். மகனைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெரியவள் தம்பியிடம் போனாள். "ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ எங்க போவ? அத்தான் எங்க போவாரு? வேலை போயிடும். எல்லாரும் இங்கதான இருக்கணும்."

"நான் ஒன்ன அப்படிப் பேசினேனே. அப்பவாவது..."

"விடுக்கா."

அவள் விடவில்லை. கணவர் பக்கம் திரும்பினாள். அழுகை இல்லை, கோபம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. "ஆஸ்பத்திரியில இவனத்தான் திட்டிக்கிட்டுக் கெடந்தேன். ஐஸ்ல நிக்கறப்ப, எப்படியும் நீங்க வந்து தொறந்துடுவீங்கன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

பிறகு கட்டிலிலிருந்து அந்தக் கனெக்டரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கொஞ்சம் கழித்து மீட்டர் போய்ப் பார்த்தபோது, அவள் தொழிற்சாலைக் கையுறையை மாட்டிக்கொண்டு அதைத் திருகிப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். கட்டுப்போட்ட விரல்கள் ஒத்துழைக்கவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்தது.

"பூட்டிச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

"கடைசியில ஒரு கிளிக் வரும். கைக்குத் தெரியும்."

"கையுறை போட்டா தெரியல. எனக்குக் கையுறை இல்லாட்டியும் தெரியல."

அவர் யோசித்தார். அப்புறம் ஆணியால் இரண்டு பக்கமும் ஒரு கோடு கீறி, அதில் சிவப்புப் பெயின்ட் தொட்டு வைத்தார். கோடும் கோடும் நேராக வந்தால் பூட்டியாயிற்று. அவள் திருகிப் பார்த்தாள். கோடு சேர்ந்தது. "ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு கொஞ்ச நாளைக்கு அவரிடம் பேச்சு இல்லை. ஒரே அறை, ஒரே பாய். அவள் சுவரைப் பார்ப்பாள், அவர் விட்டத்தைப் பார்ப்பார். சாப்பாடு வேளைக்கு வந்தது. உப்பு, காரம் எல்லாம் சரியாகவே இருந்தது. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

*

மேனேஜரிடம் மீட்டர் உள்ளதைச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போயிருந்தார்.

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"வீட்டுல தெரியும் சார்."

"வீட்டோட இருக்கட்டும். தலைமை ஆபீசுக்கு என்ன சொன்னோம்? கடைக்காரன் சரக்கு மோசம்னு சொன்னோம். அவங்களும் சரின்னுட்டாங்க. இப்ப போய், இல்ல இல்ல, எங்க ஆளே தப்பா எடுத்துட்டான், சரியானதக் குடுத்தும் வேண்டாம்னுட்டான்னு சொன்னா, ஒனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது."

"அவன் பேரு கெட்டுப்போச்சு சார்."

"கடைக்காரனுக்கு இந்த ஃபேக்டரி மட்டுமா ஆளு? வேற ஆளப் பாத்துப்பான். நீ நல்ல கனெக்டரு கண்டுபிடிச்சுட்ட இல்ல? போய் மாட்டு. ஆனா அவன் கடையில வாங்காத. அதே சாமான டீலர்கிட்ட வரவழைச்சுக்கலாம். ஒரே கம்பெனிதான?"

மீட்டர் வாய் திறந்தார். மேனேஜர் டெலிபோனை எடுத்துவிட்டார்.

அப்படித்தான் ஆனது. டீலரிடமிருந்து பெட்டி வந்தது. அதே எவர்சில்வர், அதே செங்கல் நிற ரப்பர். ஐஸ் ரூம்களில் மீட்டர் ஒவ்வொன்றாக மாட்டினார். பொத்தானுக்குப் பின்னால் ஒயர் நேராக இறங்காமல் கீழே வளைந்து ஏறும்படி விட்டார்; வழிகிற தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். குமிழையும் மாற்றினார். எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு வைத்தார். வேலை அவருக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் உறுத்தியது.

பிறகு சாயங்காலங்களில் படகுத்துறைக்குப் போனார். வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் குந்திப் பேச்சை ஆரம்பிப்பார். "மச்சான் மேல தப்பில்ல. அவன் நல்லதத்தான் குடுத்தான். நாந்தான் வேண்டாம்னு இத வாங்கினேன். தப்பு என்னோடது."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

ஒரு படகுக்காரர் மட்டும் முகத்துக்கு நேரே சொன்னார். வயதில் மூத்தவர், ஆனால் மரியாதையாகவே பேசுவார். "நீங்க நல்ல மனுஷன் தம்பி. எல்லாருக்கும் தெரியும். ஆனா மாமனார் வீட்டுல இருக்கறீங்க. மச்சானுக்கு ஒண்ணுன்னா நீங்கதான் வந்து பேசணும். அந்த வீட்டுல உங்கள இப்படி அனுப்பி வச்சிருக்காங்களேன்னுதான் எனக்கு வருத்தம்."

"யாரும் அனுப்பல அண்ணே. நான் சொல்றது நெசம்."

"சரி தம்பி. நெசமாவே இருக்கட்டும்" என்று அவர் வலையின் அடுத்த முடிச்சுக்குப் போய்விட்டார்.

மீட்டர் எல்லாப் படகுக்கும் போனார். எங்கே போனாலும் அதே பதில்தான், ஆளுக்கு ஒரு விதமாக. சிலர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் சொல்லச் சொல்ல, மச்சானைக் காப்பாற்ற அலைகிற மாப்பிள்ளை என்று அவருக்குத்தான் நல்ல பேர் கூடியது. தம்பியின் கடைப்பலகை துடைத்தது துடைத்தபடியே கிடந்தது. காற்றுக்காலம் முடிந்து, வேறு வழியில்லாத இரண்டொருவர் பல்பு, ஃப்யூஸ் என்று வாங்க வந்தார்கள். கடலுக்குப் போகிற சாமான் எதையும் அவனிடம் வாங்கவில்லை.

தம்பி அதைப் பற்றி ஒருநாள் சாப்பிடும்போது பேசினான். "அத்தான், தொறைக்குப் போறத நிறுத்திடுங்க. நீங்க போகப் போக அங்க வேற மாதிரிப் பேசறாங்க."

"நெசத்தச் சொல்லாம இருக்க முடியல மச்சான்."

"சொல்லிட்டீங்க. போதும். கொஞ்சம் குழம்பு ஊத்திக்கங்க."

அப்பா கட்டிலில் இருந்தபடி தன் தட்டிலிருந்த மீனின் நடுத்துண்டை எடுத்து மகன் தட்டில் வைத்தார். மகன் நிமிராமல் சாப்பிட்டான்.

*

பெரியவள் வேலைக்குத் திரும்பினாள். வேறு பிரிவு தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றாள். ஆனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். ஐஸ் ரூமுக்குள் போனதும் கதவு சாத்தியவுடன் பொத்தானை ஒரு தடவை அமுக்குவாள். வெளிக்கூடத்தில் மணி கணீரென்று அடிக்கும். உள்ளே போகிறபோதெல்லாம் இப்படி. ஆரம்பத்தில் எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்கள். அப்புறம் முணுமுணுத்தார்கள். மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார், சும்மாச் சும்மா அடித்தால் நிஜமாக அடிக்கும்போது யாரும் வரமாட்டார்கள் என்று.

"வரவேண்டியவருக்குத் தெரியும் சார்" என்றாள் அவள்.

மீட்டர் எங்கே இருந்தாலும் அந்த மணியைக் கேட்டார். கம்ப்ரசர் இரைச்சலில், கூரை மேல் ஒயர் இழுக்கும்போது, ஜெனரேட்டர் அறையில். மணி அடித்ததும் கை நிற்கும். கதவு திறந்து மூடுகிற சத்தம் வரும்வரை அவர் ஸ்க்ரூடிரைவரை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார். சத்தம் வந்ததும் வேலையைத் தொடர்வார். வீட்டில் அவள் இப்போது அவரிடம் பேசினாள். பால் வாங்கணும், அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு, ஃபேன் சத்தம் போடுது. மணியைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை.

ஒருநாள் மத்தியானம் மணி அடிக்கவில்லை. அவள் வழக்கமாகப் பின்வரிசை பார்க்கப் போகிற வேளை. மீட்டர் மோட்டார் ஒன்றின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். மூடியைப் போட்டுவிட்டு ஓடினார். கூடத்தில் தண்ணீர் கிடந்து வழுக்கியது. கையூன்றி எழுந்து ஓடினார். கதவை இழுத்து உள்ளே நுழைந்தார்.

"இருக்கியா?" என்று கூப்பிட்டார். அடுக்குகளுக்கு நடுவே பனிப்புகை மட்டும் இருந்தது. பின்வரிசைவரை போனார். யாரும் இல்லை. பின்னால் கதவு தானாக வந்து மூடிக்கொண்டது.

குளிர்ச்சட்டை இல்லாமல் வந்திருந்தார். வேர்வை முதுகில் உறைவது தெரிந்தது. கழுத்து மீட்டர் நெஞ்சில் பட்டுச் சுட்டது, அவ்வளவு குளிர். கதவுக்கு வந்தார். குமிழில் கைவைத்தால் திறக்கும். அவரே மாட்டிய குமிழ். கை அதற்குப் போகாமல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அமுக்கினார். தடித்த கதவுக்கு அப்பால் மணி அடிக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. மறுபடி அமுக்கினார். உள்ளே இருப்பவருக்கு அது கேட்காது என்பதை அப்போதுதான் கவனித்தார்.

கதவு திறந்தது. பெரியவள் கையில் டீ கிளாசோடு நின்றாள்.

"இங்க என்ன பண்றீங்க?"

"மணி அடிக்கல. அதான்."

"இன்னிக்கு லோடு இல்ல. வெளிய உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தேன்." அவள் குமிழைப் பார்த்தாள். "அது வேலை செய்யுதுல்ல?"

"செய்யுது."

"அப்புறம் ஏன் அமுக்கினீங்க?"

அவருக்குத் தாடை நடுங்கியது. கூடத்தில் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் அவர்களிடம் திரும்பி, "ஒண்ணுமில்ல, எங்க வீட்டுக்காரருதான்" என்றாள். கதவை முதுகால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, டீ கிளாசை அவர் கையில் திணித்தாள்.

"உள்ள இருந்து அமுக்கினா மணி கேக்காது" என்றார் அவர்.

"ஆமா" என்றாள் அவள். "கேக்காது. குடிங்க."